லோடு: ஒரு சுமைச் சொல்லின் பொருளும் பிறப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லாரியில் ஏறுவது லோடு. கைபேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால், பக்கம் லோடு ஆகிறது என்கிறோம். மின்மாற்றி தாங்காமல் போவது லோடு கூடியதால். ரத்தப் பரிசோதனை முடிவில் வைரஸின் பெயரோடு ஒட்டி வருவதும் இதே சொல்தான். அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் 'சுமை' என்று ஒரே விடை கிடைக்கிறது. அதை அப்படியே எடுத்து எழுதினால் பாதி இடங்களில் பொருள் கெட்டுவிடுகிறது. இந்தச் சொல் பிறந்தபோது அதற்குச் சுமை என்ற பொருளே கிடையாது என்பது தெரிந்தால், இத்தனை கிளைகளும் எங்கிருந்து வந்தன என்பது பிடிபடும்.

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறோம். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடங்களில் எழுத்துகளின் பெயரைச் சொல்கிறோம்.

லோடு என்ற சொல்லுக்கு முதல் பொருள் என்ன?

வழி. அதோடு பயணம், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோதல். ஏறத்தாழ 1100-க்கு முந்தைய ஆங்கிலத்தைப் பழைய ஆங்கிலம் என்பார்கள். அதில் இந்தச் சொல்லின் வடிவம் 'லாட்'. அக்காலச் செய்யுளில் கடல்வழிக்கு 'பிரிம்லாட்' என்று பெயர். பிரிம் என்றால் கடல், லாட் என்றால் வழி. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் இருக்கும் இதன் உடன்பிறப்புச் சொல்லுக்கும் வழி, போக்கு என்பதே பொருள். எடையோ கனமோ இந்தச் சொல்லில் அப்போது ஒட்டியிருக்கவில்லை.

வழியைக் குறித்த சொல் சுமையைக் குறிக்க வந்தது எப்படி?

தமிழில் 'நடை' என்ற சொல்லைப் பாருங்கள். நடத்தல் என்ற செயல்தான் அதன் அடிப்படை. ஆனால் 'நாலு நடை மண் கொட்டினார்கள்', 'இரண்டு நடை தண்ணீர் எடுத்து வா' என்று சொல்லும்போது, ஒருமுறை போய் வருவதில் எவ்வளவு கொண்டுவர முடியுமோ அந்த அளவை 'நடை' குறிக்கிறது. போக்கைக் குறித்த சொல், அந்தப் போக்கில் வந்து சேர்ந்த பொருளுக்கு அளவாகிவிட்டது.

லோடு நடந்த பாதையும் இதுதான். முதலில் வழி. பிறகு அந்த வழியில் பொருளைக் கொண்டுசெல்லும் வேலை. பிறகு கொண்டுசெல்லப்படும் பொருள். 1200-களில் இந்த மூன்றாவது பொருள் எழுத்தில் வந்துவிடுகிறது. தூக்குபவருக்குக் கனக்கும் என்பதால் கனம், பாரம், மனத்தை அழுத்தும் கவலை என்று அடுத்தடுத்து விரிந்தது.

இந்த மாற்றத்துக்கு இன்னொரு சொல்லும் கை கொடுத்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லடன்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. குவித்து ஏற்றுதல் அதன் ஒரு பொருள், தண்ணீர் மொள்ளுதல் இன்னொன்று. அது பின்னால் 'லேடு' (எல்-ஏ-டி-ஈ) ஆயிற்று. வேரால் இதற்கும் லோடுக்கும் தொடர்பில்லை. ஒலி நெருக்கமாக இருந்தது, இரண்டுமே வண்டியோடும் கப்பலோடும் புழங்கின. அதனால் லேடு சுமந்துகொண்டிருந்த ஏற்றும் பொருள் மெல்ல லோடு பக்கம் சாய்ந்தது. இன்றைய லோடு ஒரு வேரில் முளைத்து, இன்னொரு வேரிலிருந்தும் சாறு வாங்கிய சொல்.

அந்த லேடு இப்போது எங்கே இருக்கிறது?

வினைச்சொல்லாக அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. எச்சங்கள் உண்டு. குழம்பு மொள்ளும் பெரிய கரண்டியான 'லேடில்' அதன் வழிவந்தது. மொள்ளுதல் என்ற பழம்பொருள் அதில் உயிரோடிருக்கிறது. கப்பலில் சரக்கு ஏற்றியதற்கு அத்தாட்சியாகத் தரும் ஆவணம் 'பில் ஆஃப் லேடிங்'. பாரம் நிறைந்த என்னும் பொருளில் வரும் 'லேடன்' மூன்றாவது.

லீட் (எல்-ஈ-ஏ-டி) என்ற சொல் லோடுக்கு உறவா?

வழிநடத்து என்ற பொருளில் வரும் லீட் நெருங்கிய உறவு. போதல் என்ற பழைய ஜெர்மானிய வினையிலிருந்து, 'போகச் செய்' என்ற பிறவினையாகப் பிறந்தது அது. 'போகும் வழி' என்ற பெயராகப் பிறந்தது லோடு. தலைவரைக் குறிக்கும் 'லீடர்' கூட இந்தக் குடும்பம்தான்.

அதே எழுத்துகளில் எழுதி 'லெட்' என்று சொல்லும் ஈயத்துக்கு இந்தக் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஈயம் கனமானது, சுமையும் கனமானது, ஆகவே இரண்டும் ஒன்று என்று சிலர் விளக்குவதுண்டு. அது தவறு.

லோடு என்பதையே எல்-ஓ-டி-ஈ என்றும் எழுதுகிறார்களே, அது வேறு சொல்லா?

ஒரே சொல்தான், எழுத்தில் பிரிந்தது. எல்-ஓ-ஏ-டி சுமையை எடுத்துக்கொள்ள, எல்-ஓ-டி-ஈ பழைய 'வழி' என்ற பொருளோடு தங்கிவிட்டது. 1500-களை ஒட்டி இந்தப் பிரிவு நிலைபெற்றது. உச்சரிப்பில் இன்றும் வேறுபாடு கிடையாது.

வழி என்ற பொருளை நேரில் பார்க்க விரும்பினால் இந்த இரண்டாவது வடிவத்தைத் தேடிப் போக வேண்டும். மாலுமிகளுக்கு வழிகாட்டிய துருவ நட்சத்திரம் 'லோடுஸ்டார்': வழி காட்டும் விண்மீன். இயற்கைக் காந்தக்கல் 'லோடுஸ்டோன்': வழி காட்டும் கல். கல் கனமாக இருப்பதால் வந்த பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. திசை காட்டுவதால் வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷையரில் ஃபென் எனப்படும் சதுப்புநிலப் பகுதியில் மனிதர் வெட்டிய நீர்வழிகளுக்கு இன்றைக்கும் லோடு என்றே பெயர்: ரீச் லோடு, பர்வெல் லோடு, விக்கன் லோடு. சுரங்கத் தொழிலில் பாறைக்குள் நீண்டு ஓடும் தாதுப் படிவும் லோடுதான். கார்ன்வால் சுரங்கங்களில் தகரமும் செம்பும் இப்படிப்பட்ட லோடுகளிலிருந்து வந்தன. கலிபோர்னியாவின் தங்க வேட்டையோடு புகழ்பெற்ற 'மதர் லோடு' என்ற தொடரும் இந்த எழுத்துக்கூட்டலில்தான் வர வேண்டும். 'மதர் லோடு' என்பதைத் தாய்ச்சுமை என்று தமிழில் எழுதினால் அபத்தம். மூலப்படிவு, தாதுவளத்தின் மூலம் என்பது போல் எழுதலாம்.

'லைவ்லிஹுட்' என்ற சொல்லுக்குள் லோடு இருக்கிறது என்கிறார்களே?

உண்மை. பிழைப்பு, வாழ்வாதாரம் என்ற பொருளில் வரும் அந்தச் சொல்லின் பழைய வடிவம் 'லீஃப்லாட்'. லீஃப் என்றால் வாழ்வு, லாட் என்றால் வழி. வாழ்வின் போக்கு, வாழும் வழி என்பதே நேர்ப்பொருள். 1500-களில் அதன் பின்பகுதி மக்களுக்குப் புரியாமல் போகவே, 'ஹுட்' என்ற பழகிய விகுதியைப் போல் அதை மாற்றிச் சொல்லத் தொடங்கினர். 'பிழைப்புக்கு வழி பார்க்கணும்' என்று நாம் சொல்லும்போது அந்தப் பழைய ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் பொருள் அப்படியே நம் வாயில் வருகிறது. இந்தச் சொல்வரலாற்றில் மிக அழகான இடம் இதுதான்.

பர்டன், கார்கோ, சார்ஜ், ஃப்ரெய்ட் எல்லாம் இதே குடும்பமா?

இல்லை. பொருள் நெருக்கம் உண்டு, பிறப்பு வேறு.

'பர்டன்' சுமத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. 'பேர்' (பி-ஈ-ஏ-ஆர்) என்னும் அந்த வினைக்குச் சுமத்தல், பொறுத்தல், பெறுதல் ஆகிய மூன்று பொருளும் உண்டு. தமிழில் 'பொறு' என்ற வினையிலிருந்து பொறை, பொறுமை, பொறுப்பு மூன்றும் வந்ததோடு இதை வைத்துப் பாருங்கள். பொறை என்றாலே சுமை என்றும் சகிப்பு என்றும் இரு பொருள். இரு மொழிகளும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

பலர் கவனிக்காத உறவு ஒன்றும் உண்டு. தமிழில் நாம் வழங்கும் 'பாரம்' வடமொழியிலிருந்து வந்தது; அதற்கு வேர் சுமத்தலைக் குறிக்கும் 'ப்ரு'. ஆங்கில 'பேர்', 'பர்டன்' இரண்டும் வடமொழி 'பார'வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ஆக, ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கும் லோடுக்கும் பர்டனுக்கும் உறவில்லை. பர்டனும் பாரமும் தூரத்து உறவினர்.

'கார்கோ', 'சார்ஜ்' இரண்டும் லத்தீனில் வண்டியைக் குறித்த 'கர்ருஸ்' என்ற சொல்லின் வழிவந்தவை. வண்டியில் ஏற்றுதல் என்ற வினை ஸ்பானிய மொழி வழியே கார்கோவாகவும், பிரெஞ்சு வழியே சார்ஜாகவும் ஆங்கிலத்துக்கு வந்தது. கைபேசியை சார்ஜ் செய்வதும், ஒருவர் மேல் குற்றம் சாட்டுவதும், கட்டணம் விதிப்பதும் எல்லாம் 'ஏற்றுதல்'தான். கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் 'காரிகேச்சர்' கூட இத்தாலிய மொழியில் 'அளவுக்கு மீறி ஏற்றிய படம்' என்ற கருத்தில் பிறந்தது.

'ஃப்ரெய்ட்' டச்சு மொழிப் பக்கத்திலிருந்து வந்தது. ஆபத்து நிறைந்த என்று சொல்ல உதவும் 'ஃப்ராட்' (எஃப்-ஆர்-ஏ-யூ-ஜி-ஹெச்-டி) அதன் உடன்பிறப்பு. 'ஓனஸ்' லத்தீனில் நேராகவே சுமை. குற்றத்திலிருந்து விடுவிப்பதைக் குறிக்கும் 'எக்ஸானரேட்' என்பதற்கு, வேர்ப்படி, சுமையை இறக்கிவிடுதல் என்று பொருள்.

தமிழில் எங்கே சுமை, எங்கே பாரம், எங்கே பளு?

மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள்.

முதலில், யாராவது அல்லது ஏதாவது அதைத் தாங்குகிறதா? தாங்கினால் சுமை, பாரம், பளு ஆகியவற்றில் ஒன்று பொருந்தும். தலையிலும் தோளிலும் எடுத்துச் செல்வது சுமை. மனத்தை அழுத்துவது பாரம். நெம்புகோல், பளுதூக்குதல் போல விசையோடு தொடர்புடையது பளு. நெம்புகோலைப் பற்றிய தமிழ்ப் பாடநூல்களில் பளு, திறன், ஆதாரப்புள்ளி என்ற மூன்றும் சேர்ந்தே வரும்.

தாங்குதல் இல்லை, வண்டியிலோ கப்பலிலோ போகிறது என்றால் சரக்கு. அங்கே சுமை என்று எழுதினால் வாசகர் தலைச்சுமையை நினைப்பார்.

மூன்றாவது, அது ஓர் அளவைச் சொல்கிறதா? அப்படியானால் அளவு, செறிவு, எண்ணிக்கை, தேவை என்று அந்தந்தத் துறைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். வைரஸ் லோடு, மின் லோடு எல்லாம் இந்த வகை. 'சுமை' என்று எழுதிக் கெடுக்கும் இடங்களில் பெரும்பாலானவை இங்கேதான் வருகின்றன.

வினைச்சொல்லுக்குத் தமிழில் கவலையே இல்லை. ஏற்று, இறக்கு என்ற இணை எல்லா இடத்துக்கும் பொருந்துகிறது. துப்பாக்கிக்கு மட்டும் 'குண்டு நிரப்பு', 'கெட்டித்தல்' என்று வேறு வழக்கு உண்டு.

ஒரு லோடு என்பது எவ்வளவு?

இன்றைய பேச்சில் அதற்கு நிலையான அளவு இல்லை. ஏற்றும் வண்டியே அளவு. பழைய இங்கிலாந்தில் மட்டும் பொருளுக்குப் பொருள் வரையறுத்திருந்தார்கள். ஒரு லோடு உலர்புல் என்றால் 36 கட்டு. பழைய புல்லில் ஒரு கட்டு 56 பவுண்டு, மொத்தம் 2,016 பவுண்டு. புதிய புல்லில் ஈரம் இருக்கும் என்பதால் கட்டுக்கு 60 பவுண்டு, மொத்தம் 2,160 பவுண்டு. வைக்கோலுக்குக் கட்டு 36 பவுண்டு, மொத்தம் 1,296 பவுண்டு. மரத்துக்குக் கன அளவு: செதுக்கிய மரம் 50 கன அடி, செதுக்காதது 40 கன அடி. ஈரத்துக்கு ஈடு கட்டி எடையை உயர்த்தியிருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. காய்ந்தபின் வாங்குபவர் கையில் குறையாமல் நிற்க வேண்டும் என்ற கணக்கு அதில் தெரிகிறது.

இன்று லோடுக் கணக்கில் மணலோ ஜல்லியோ வாங்குபவர் கனமீட்டராகக் கேட்பதே சரி. வண்டித் தொட்டியின் உள்நீளம், உள்அகலம், பொருள் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்து பெருக்குங்கள். 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் உயரம் என்றால் 3.24 கனமீட்டர். மேலே கூம்பாகக் குவித்திருந்தால் பரப்பி மட்டமாக்கிவிட்டு உயரத்தை அளக்க வேண்டும். லேசான ஈரமுள்ள மணல் காய்ந்த மணலைவிட அதிக இடத்தை அடைக்கும், துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் அவற்றை விலக்கி வைப்பதால். ஆகவே ஒரே தொட்டியில் ஈர மணல் வாங்கினால் மணல் குறைவாகவே வரும்.

கட்டடத்தில் டெட் லோடு, லைவ் லோடு என்றால் என்ன?

கட்டடம் தன்னையே தாங்கிக்கொள்வது டெட் லோடு: தளம், சுவர், தரைப்பூச்சு. வந்து போகும் மனிதர், நாற்காலி, அலமாரி எல்லாம் லைவ் லோடு. தமிழில் நிலைச்சுமை, இயங்குசுமை என்பது நன்றாகப் பொருந்துகிறது. 'இறந்த சுமை' என்று சில எந்திர மொழிபெயர்ப்புகளில் வருகிறது; அதை எங்கும் விடாதீர்கள்.

ஒரு கணக்கு. கம்பியிட்ட கான்கிரீட்டுக்குக் கனமீட்டருக்கு 25 கிலோநியூட்டன் என்று எடுப்பது வழக்கம். 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள தளத்தின் நிலைச்சுமை சதுர மீட்டருக்கு 0.15 × 25 = 3.75 கிலோநியூட்டன். குடியிருப்பு அறைக்கு இயங்குசுமையாக 2 கிலோநியூட்டன் போலச் சேர்த்தால் 5.75. ஒருவரும் நடக்காத தளமே தன் எடையைத் தாங்கத்தான் பெரும்பாடு படுகிறது என்பது இதில் தெரியும். அலகைக் கவனியுங்கள்: லோடு என்பது விசை, ஆகவே நியூட்டன். கிலோகிராம் நிறைக்கு உரியது. கிலோகிராமை நியூட்டனாக்க 9.8-ஆல் பெருக்க வேண்டும். இதை மறந்தால் விடை ஏறக்குறைய பத்து மடங்கு பிழைபடும்.

கப்பல் துறைக்கு வந்தால் ஒரு பொறி காத்திருக்கிறது. அங்கே 'டெட்வெயிட்' என்பது கப்பலின் சொந்த எடையே அல்ல. அது ஏற்றிச் செல்லும் சரக்கு, எரிபொருள், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்ந்த எடை. கட்டடத்தின் 'டெட்' சொந்த எடை; கப்பலின் 'டெட்' ஏற்றிய எடை.

கப்பலின் பக்கவாட்டில் வரையும் லோடு கோடு எதற்கு?

அந்தக் கோடு நீருக்குள் மூழ்கும் அளவுக்குச் சரக்கு ஏற்றக் கூடாது என்பதற்கு. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் அளவுக்கு மீறி ஏற்றிய கப்பல்கள் மூழ்குவதை எதிர்த்துப் போராடினார். 1876-ஆம் ஆண்டுச் சட்டம் குறியைக் கட்டாயமாக்கியது. ஆனால் எந்த உயரத்தில் வரைவது என்பதை உரிமையாளரிடமே விட்டுவிட்டது. வேண்டிய உயரத்தில் வரைந்துகொள்ளலாம் என்றால் அந்தக் குறியால் என்ன பயன்? 1890-இல்தான் இடமும் சட்டப்படி நிலையானது. 1930-இலும் 1966-இலும் பன்னாட்டு உடன்படிக்கைகள் வந்தன.

ஒரே கோடு போதாது. கோடைக்கு எஸ், வெப்பமண்டலத்துக்கு டி, குளிர்காலத்துக்கு டபிள்யூ, நன்னீருக்கு எஃப் என்று தனித்தனிக் கோடுகள் உண்டு. கோடைக் கோட்டிலிருந்து வெப்பமண்டலக் கோடு மேலேயும் குளிர்காலக் கோடு கீழேயும் இருக்கும். இடைவெளி, கோடைக் கால மூழ்காழத்தில் (கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழத்தில்) 48-இல் ஒரு பங்கு. மூழ்காழம் 9.6 மீட்டர் என்றால் இடைவெளி 20 சென்டிமீட்டர். கடல்நீர் கனமீட்டருக்கு ஏறத்தாழ 1,025 கிலோகிராம், நன்னீர் 1,000. நன்னீரில் அதே கப்பல் கூடுதலாக அமிழும் என்பதால் எஃப் கோடு மேலே இருக்கிறது.

மின்சாரத்தில் லோடு என்பது கருவியா, அளவா?

இரண்டும். மின்சுற்றில் மின்னாற்றலைப் பயன்படுத்தும் விளக்கு, மோட்டார், அடுப்பு ஒவ்வொன்றும் லோடு. அவை மொத்தமாக எடுக்கும் திறனும் லோடு. தமிழில் முதலாவதை 'மின்பளு' எனலாம். இரண்டாவதற்கு 'மின்தேவை' தெளிவாக இருக்கிறது. தேவையைக் குறைக்கச் சில பகுதிகளுக்கு மின்சாரத்தை நிறுத்துவது 'லோடு ஷெட்டிங்'.

'லோடு அதிகம்' என்றால் மின்தடை (மின்னோட்டத்தை எதிர்க்கும் 'ரெசிஸ்டன்ஸ்') அதிகம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். நேர்மாறு. 230 வோல்ட் இணைப்பில் 1,000 வாட் அடுப்பின் மின்தடை ஏறக்குறைய 53 ஓம், 2,000 வாட் அடுப்பினுடையது 26 ஓம். தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடும், லோடும் கூடும். அந்த 2,000 வாட் அடுப்பு 8.7 ஆம்பியர் எடுக்கும். கூடவே 1,500 வாட் கருவி ஒன்றைப் போட்டால் இன்னும் 6.5 ஆம்பியர். 10 ஆம்பியருக்கான தடுப்புக் கருவி இதைத் தாங்காது, துண்டித்துவிடும். அதுதான் 'ஓவர்லோடு'. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற தமிழ்ப் பழங்கருத்து கம்பிக்கும் பொருந்துகிறது.

கணினியில் எதை எதில் ஏற்றுகிறோம்?

நிலையான சேமிப்பிலிருந்து நினைவகத்துக்கு. நிரல் வட்டில் கிடக்கும்போது வேலை செய்யாது. நினைவகத்தில் ஏறினால்தான் இயங்கும். செயலிக்கான கட்டளைகளில், நினைவகத்திலிருந்து, செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான பதிவகத்துக்கு எடுப்பது 'லோடு', திரும்ப வைப்பது 'ஸ்டோர்'. 'டவுன்லோடு', 'அப்லோடு' இரண்டும் பெரிய மையக் கணினியை மேலேயும் நம் கருவியைக் கீழேயும் வைத்துப் பார்த்ததன் விளைவு. தமிழின் தரவிறக்கம், தரவேற்றம் இந்தத் திசைப் பார்வையைச் சிதைக்காமல் காட்டுகின்றன.

லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகை இயங்குதளம் கொண்ட கணினிகளில் 'லோடு ஆவரேஜ்' என்று மூன்று எண்கள் வரும்: கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கான சராசரி. இயங்கிக்கொண்டும் முறை காத்துக்கொண்டும் இருக்கும் பணிகளின் எண்ணிக்கை அது, விழுக்காடு அல்ல. நான்கு உள்ளகம் (செயலியின் 'கோர்') கொண்ட கணினியில் 4 என்றால் கைநிறைய வேலை, 8 என்றால் பாதிப் பணிகள் வரிசையில் நிற்கின்றன. லினக்ஸில் வட்டுக்காகக் காத்திருப்பவையும் இதில் சேரும். எனவே எண் உயர்ந்திருப்பதை வைத்து மட்டும் செயலி திணறுகிறது என்று முடிவுகட்டக் கூடாது.

பேலோடு?

'பே' என்றால் பணம் தருதல். வண்டி தூக்கும் மொத்தத்தில் வருமானம் தரும் பகுதி மட்டும் பேலோடு. ஏற்றிய வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 16,000 கிலோ, வெறும் வண்டி 6,000 கிலோ என்றால் மீதி 10,000 கிலோ. ஓட்டுநரும் அதற்குள் அடக்கம் என்று சில கணக்குகளில் வரும். அளவிடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏவூர்தியில் செயற்கைக்கோள், வலையமைப்புப் பொட்டலத்தில் முகவரித் தலைப்பு நீங்கலான செய்தி, தீங்குநிரலில் கெடுதல் செய்யும் பகுதி எல்லாம் இதன் நீட்சி. பயணத்தின் நோக்கம் எதுவோ அதுவே பேலோடு. தமிழில் 'பயன்சுமை' பொருந்தும்.

மருத்துவத்தில் 'வைரல் லோடு' என்றால் வைரஸ் சுமையா?

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்திலோ வேறு மாதிரியிலோ இருக்கும் வைரஸ் நகல்களின் எண்ணிக்கை. 'வைரஸ் அளவு' என்றால் நோயாளிக்கும் உடனே புரியும். 'லோடிங் டோஸ்' வேறு: மருந்து உடலில் வேண்டிய அளவை விரைவில் எட்டுவதற்காக முதலில் தரும் கூடுதல் அளவு. 'கிளைசெமிக் லோடு' ஒரு கணக்கு. உணவின் கிளைசெமிக் குறியீட்டை (அது ரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக உயர்த்தும் என்று காட்டும் எண்), உண்ணும் பங்கிலுள்ள மாவுச்சத்துக் கிராமால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். குறியீடு 70, மாவுச்சத்து 10 கிராம் என்றால் 7. குறியீடு உயர்ந்திருந்தும் பங்கு சிறியதானால் லோடு குறையும். இதைச் சுமை என்று மொழிபெயர்த்தால் இந்த நுட்பம் முழுக்கத் தொலைந்துவிடும்.

மனத்தின் மேல் ஏறும் லோடு?

கற்றல் ஆய்வில் 'காக்னிட்டிவ் லோடு' என்ற கருத்தை ஜான் ஸ்வெல்லர் 1988-இல் முன்வைத்தார். ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திவைக்கக்கூடியது குறைவு. பாடத்தின் சொந்தக் கடினத்தோடு மோசமான விளக்கமும் சேர்ந்தால் கற்க இடமே மிஞ்சாது என்பது அதன் சாரம். அறிதிறன் சுமை என்று தமிழில் சொல்கிறார்கள். இங்கே தாங்குபவர் இருக்கிறார், ஆகவே சுமை சரியான சொல்தான்.

முதலீட்டில் 'என்ட்ரி லோடு', 'எக்ஸிட் லோடு'?

பரஸ்பர நிதியில் நுழையும்போதோ (இந்தியாவில் 2009 வரை) வெளியேறும்போதோ பிடிக்கும் கட்டணம். 10,000 போட்டு 2 விழுக்காடு நுழைவுக் கட்டணம் என்றால் 9,800 மட்டுமே முதலீடாகும். 'கட்டணம்' என்றே எழுதுங்கள்.

'லோடெட்' எப்போது நல்லது, எப்போது கெட்டது?

துப்பாக்கி என்றால் குண்டு நிரப்பியது. பகடை என்றால் ஒரு பக்கம் கனம் வைத்து ஏமாற்றுவது. கேள்வி என்றால் உள்ளே ஒரு முடிவைப் பதுக்கி வைத்தது: 'பொய் சொல்வதை நிறுத்திவிட்டீர்களா?' என்ற கேள்விக்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும். பேச்சுவழக்கில் ஆளைச் சொன்னால் பணக்காரர் என்றும், அமெரிக்க வழக்கில் குடித்திருப்பவர் என்றும் பொருள்.

'லேடன்' எங்கே வரும்? பெயரடையாக மட்டும், கனிகள் தாங்கிய கிளை போன்ற சற்றே இலக்கியச் சாயலில். 'வண்டியில் ஏற்றினார்கள்' என்ற இறந்தகாலத்துக்கு லோடெட்தான்.

ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

லோடு என்ற வினை இரண்டு வகையாகக் கட்டப்படும். வைக்கோலைச் செயப்படுபொருளாக்கி 'வண்டிமேல் ஏற்றினார்' எனலாம். வண்டியைச் செயப்படுபொருளாக்கி 'வைக்கோலால்' என்றும் சொல்லலாம். முதல் அமைப்பில் வண்டி நிரம்பியிருக்க வேண்டியதில்லை. இரண்டாவதில் வண்டி நிறைந்தது என்ற குறிப்பு உண்டு. தமிழில் 'வண்டியை ஏற்றினார்' என்றால் வண்டியையே எதன்மேலோ தூக்கி வைத்ததாகிவிடும். அதனால் இரண்டாம் அமைப்பைத் தமிழாக்கும்போது 'வண்டி நிறைய வைக்கோல் ஏற்றினார்' என்று 'நிறைய'வைச் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிடும் மொழிபெயர்ப்புகள் ஏராளம்.

'லோட்ஸ் ஆஃப்' என்று தொடங்கினால், பின்வரும் பெயரைப் பார்த்து வினையை எழுதுங்கள். மக்கள் என்றால் பன்மை, பணம் என்றால் ஒருமை. பேச்சுநடைத் தொடர் என்பதால் அலுவல் கடிதத்தில் தவிர்ப்பது நல்லது.

லோட், லோடு: தமிழில் எப்படி எழுதலாம்?

தமிழ்ப் பேச்சில் இறுதி மெய்யோடு உகரம் சேர்வது இயல்பு. ரோடு, போர்டு போல லோடு என்றே எழுதலாம். இதனால் டகரம் மென்மையாக ஒலிப்பதும் காப்பாற்றப்படுகிறது. 'லோட்' என்று முடித்தால் 'நோட்' போல வல்லொலியாகப் படிக்க வாய்ப்புண்டு. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் அந்த உகரத்தை விட்டுவிடுங்கள், ஓகாரத்தை உதடு குவித்து முடியுங்கள்.